பெருங்குடல் புற்றுநோய்: மாறிவரும் கணக்கு

புற்றுநோய் என்றால் நம் குடும்பங்களில் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகியவைதான் நினைவுக்கு வரும். குடலில் வரும் புற்றுநோயைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. அது மேல்நாட்டு நோய் என்ற எண்ணம் ஒரு காரணம். மலம், ஆசனவாய் என்று வாய்விட்டுச் சொல்லக் கூசுவது இன்னொரு காரணம். ஸ்ரீரங்கப்பட்டணம், மைசூர் வட்டாரத்தில் குடியேறி வாழும் நம்மவர்களுக்கு மூன்றாவதாக ஒன்றும் உண்டு: சொல்லக் கூசும் விஷயத்தை வேறு மொழியில் டாக்டரிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. இவற்றால் விளையும் கேட்டைப் புரிந்துகொள்ள, முதலில் இந்த நோயின் கணக்கைப் பார்ப்போம்.

நோய் தோன்றும் விதம்

சிறுகுடலை அடுத்து ஏறத்தாழ ஐந்தடி நீளத்துக்கு அமைந்திருப்பது பெருங்குடல். அதன் கடைசி அரை அடியை மலக்குடல் என்கிறோம். இவற்றின் உட்சுவரில் சிலருக்குச் சிறிய சதைமுளைகள் தோன்றும். மருத்துவர்கள் இதைப் பாலிப் என்பார்கள். பெரும்பாலான முளைகள் தீங்கு செய்வதில்லை. சில மட்டும் மெல்ல வளர்ந்து புற்றாக மாறும். அதற்குப் பொதுவாகப் பத்து ஆண்டுகள் அளவுக்குக் காலம் பிடிக்கும். இடையில் அந்த முளையைக் கண்டு வெட்டி எடுத்துவிட்டால், அதிலிருந்து புற்று வர வழியில்லை.

விகிதம் என்றால் என்ன?

ஒரு நாட்டில் நோய் எவ்வளவு என்று அறிய, ஓர் ஆண்டில் ஒரு லட்சம் பேரில் எத்தனை பேருக்குப் புதிதாக வந்தது என்று கணக்கிடுகிறார்கள். ஓய்வு பெற்றவர்கள் நிறைந்த ஒரு குடியிருப்பையும் கல்லூரி விடுதி ஒன்றையும் அப்படியே ஒப்பிட்டால் நியாயமாகாது. முதுமையில் புற்றுநோய் அதிகம் என்பதால் முன்னதில் எண் ஏறித்தான் இருக்கும். ஆகவே வயது வேறுபாட்டைச் சமன் செய்த பிறகே நாட்டுக்கு நாடு ஒப்பிடுகிறார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அந்த ஓராண்டில் உலகெங்கும் சுமார் 19 லட்சம் பேருக்கு இந்த நோய் வந்தது. 9 லட்சம் பேர் இறந்தார்கள். வயதைச் சமன் செய்து பார்த்தால் டென்மார்க், நார்வே நாடுகளில் லட்சத்துக்கு 40க்கு மேல், ஜப்பானில் 30க்கு மேல், அமெரிக்காவில் 25க்கு மேல். இந்தியாவிலோ ஐந்தை ஒட்டியே இருக்கிறது.

ஊர் மாறினால் நோயும் மாறும்

இந்த வேறுபாடு இரத்தத்திலேயே ஊறியதா? அல்ல என்று காட்டியவர்கள் குடியேறிகள்தான். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜப்பானில் இந்த நோய் குறைவு. அங்கிருந்து ஹவாய்த் தீவுகளுக்கும் அமெரிக்காவுக்கும் போய்க் குடியேறிய ஜப்பானியரிடம் ஓரிரு தலைமுறைக்குள் அது பெருகிவிட்டது. பின்னர் உணவும் உழைப்பும் மாறியபோது ஜப்பானிலேயே இருந்தவர்களிடமும் பெருகியது. இங்கிலாந்தில் குடியேறிய இந்தியர்களிடமும், சிங்கப்பூர் இந்தியர்களிடமும் இந்தியாவில் இருப்பதைவிட இந்த நோய் அதிகமாகக் காணப்படுகிறது. ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். பாட்டனாருக்கு வரவில்லை என்பது பேரனுக்குப் பாதுகாப்பு ஆகாது.

ஏறியதும் இறங்கியதும்

ஏறிய எண்ணை இறக்கவும் முடியும். அமெரிக்காவில் 1980களின் நடுவிலிருந்து இந்த நோய் குறைந்து வந்தது. பரிசோதனைகள் பரவியது அதற்கு ஒரு முக்கிய காரணம். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருக்கிறதா என்று ஆண்டுதோறும் சோதித்தால் இந்த நோயால் ஏற்படும் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறையும் என்று மின்னசோட்டா மாநில ஆய்வு 1993இல் காட்டியது. முளைகளை அகற்றினால் நோய் வருவதே குறையும் என்பதும் அதே ஆண்டில் வெளியான இன்னோர் ஆய்வில் தெரிந்தது.

ஆனால் அங்கேயே 50 வயதுக்கு உட்பட்டவர்களிடம் 1990களிலிருந்து இந்த நோய் கூடி வருகிறது. 1950ஐ ஒட்டிப் பிறந்தவர்களைவிட 1990ஐ ஒட்டிப் பிறந்தவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு இரு மடங்கு, மலக்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு நான்கு மடங்கு என்று 2017இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. இதனால் பரிசோதனை தொடங்கும் வயதை அமெரிக்க அரசின் ஆலோசனைக் குழு 2021இல் 50லிருந்து 45ஆகக் குறைத்தது.

நம் நாட்டில்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தை 1981 இறுதியில் தொடங்கியது. பெங்களூரில் கித்வாய் நினைவுப் புற்றுநோய் மருத்துவமனையும், சென்னையில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் அன்று முதல் இந்தக் கணக்கை எழுதி வருகின்றன. இரு நகரங்களிலும் பெருங்குடல் புற்றுநோய் படிப்படியாகக் கூடி வந்திருக்கிறது. தொகை சிறியதுதான், போகும் திசை மேல்நோக்கி.

மும்பை டாடா நினைவு மருத்துவமனைக்கு ஓராண்டில் வந்த 800 நோயாளிகளை ஆராய்ந்து 2017இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்களுடைய சராசரி வயது சுமார் 47. நம் நாட்டில் இளையோர் தொகை அதிகம் என்பதும் இதற்கு ஒரு காரணம். ஆயினும், இது கிழவருக்கு வரும் நோய் என்று நாற்பது வயதுக்காரர் ஒதுக்கிவிட முடியாது என்பது தெளிவு.

நம் அரசின் தொற்றா நோய்த் திட்டத்தில் 30 வயதைக் கடந்தவர்களுக்கு வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்கே பரிசோதனை உண்டு. குடலுக்கு இல்லை. விகிதம் குறைவாக உள்ள நாட்டில் எல்லோரையும் சோதிப்பது செலவுக்குத் தகாது. ஆகவே நம்மை நாமே கவனிக்க வேண்டியிருக்கிறது. விகிதம் ஊருக்கு, அறிகுறி ஆளுக்கு. லட்சத்தில் ஐந்து பேர்தானே என்பது, இரத்தப்போக்கு உள்ள ஒருவருக்கு ஆறுதல் ஆகாது.

மூலம் என்று முடிவு கட்டலாமா?

மலத்தோடு இரத்தம் போனால் நம் வீடுகளில் உடனே சொல்வது, "சூடு, மூலம்." கருணைக்கிழங்கு சமைப்பார்கள், மோர் குடிக்கச் சொல்வார்கள், மருந்துக்கடையில் களிம்பு வாங்குவார்கள். பெரும்பாலோருக்கு அது மூலமாகவே இருக்கும். ஆனால் மூலமா, புற்றா என்று இரத்தத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. மூலம் உள்ளவருக்கே புற்றும் இருக்கலாம்.

கீழ்க்கண்டவை மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரைப் பாருங்கள்:

1. மலத்தோடு இரத்தம் அல்லது சளி போதல். இரத்தம் மிகுதியாகவோ கருநிறமாகவோ போனால் அன்றே போக வேண்டும்.
2. வழக்கம் மாறி மலச்சிக்கலோ பேதியோ மாறி மாறி வருதல்.
3. போய்வந்த பிறகும் முழுதாகப் போகாதது போன்ற உணர்வு.
4. காரணம் தெரியாமல் எடை குறைதல், வயிற்று வலி.
5. ஆண்களுக்கும் மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும் இரத்தசோகை. குடலின் வலப்பக்கத்தில் புற்று இருந்தால் இரத்தம் கண்ணுக்குத் தெரியாமலே கசியும்; சோகை மட்டும்தான் வெளியே தெரியும்.

டாக்டர் கையுறை அணிந்து விரலால் ஆசனவாயைச் சோதிப்பது ஓரிரு நிமிட வேலை. நம் நாட்டில் மலக்குடலில் வருவது கணிசம் என்பதால் இந்த எளிய சோதனையிலேயே பலருக்குத் தெரிந்துவிடும். தேவையானால் கொலனோஸ்கோபி செய்வார்கள். முதல் நாள் மருந்து கொடுத்துக் குடலைச் சுத்தம் செய்து, மறுநாள் கேமரா பொருத்திய வளையும் குழாயால் உள்ளே பார்ப்பார்கள். முளை இருந்தால் பெரும்பாலும் அப்போதே எடுத்துவிடலாம்.

கன்னடம் சரளமாக வராதவர்கள் "மலதல்லி ரக்த பருத்தே" என்று சொன்னால் போதும். மூலத்துக்குக் கன்னடத்திலும் "மூலவ்யாதி" என்றே பெயர். அந்தப் பெயரை நாமே சொல்லிவிட்டால் டாக்டரின் எண்ணமும் அங்கேயே போகக்கூடும். நோயின் பெயரைச் சொல்லாமல் அறிகுறியைச் சொல்லுங்கள்.

தட்டில் இருப்பது

உகாண்டாவில் பணியாற்றிய டாக்டர் டெனிஸ் பர்கிட், நார்ச்சத்து மிகுந்த உணவு உண்ணும் ஆப்பிரிக்கக் கிராமத்தாரிடம் இந்த நோய் அரிது என்று 1971இல் எழுதினார். முழுத் தானியமும் நார்ச்சத்தும் காப்பளிக்கின்றன என்பதைப் பிற்கால ஆய்வுகளும் ஆதரிக்கின்றன. உப்பிட்டும் புகையிட்டும் பதப்படுத்திய இறைச்சி இந்த நோயை உண்டாக்கும் என்று 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் முகமை அறிவித்தது. நாள்தோறும் 50 கிராம் உண்டால் ஆபத்து 18 சதவீதம் கூடும். மது, புகை, உடற்பருமன், உட்கார்ந்தே இருக்கும் வேலை ஆகியவையும் ஆபத்தைக் கூட்டுபவை.

மண்டியா மாவட்டத்தின் ராகிக் களியும் கீரைச் சாறும் அவரைக்காயும் இதற்கு உகந்த உணவு. இந்த ஊருக்கு வந்த நாம் பக்கத்து வீட்டாரிடம் கற்றுக்கொள்ள வேண்டியதை விட்டுவிட்டு, பிள்ளைகளுக்கு பேக்கரிப் பண்டத்தையும் மைதா பரோட்டாவையும் பழக்குகிறோம். வாரத்தில் இரண்டு நாளாவது களி கிண்டலாமே!

நினைவில் கொள்ளுங்கள்

பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்த நோய் வந்திருந்தால் 40 வயதில், அல்லது அவருக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்து ஆண்டு முன்பே பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். மைசூர் கே.ஆர். மருத்துவமனையில் முதற்கட்டமாகக் காட்டலாம். மேல் சிகிச்சைக்குக் கித்வாய் இருக்கிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களுக்கு ஆயுஷ்மான் பாரத் ஆரோக்கிய கர்நாடகா திட்டம் உண்டு. ரேஷன் கார்டை இங்கே மாற்றிக்கொள்ளாத குடும்பங்கள் அதை உடனே கவனிக்கட்டும். நோய் வந்தபின் அலைவது கடினம்.

குடலோடு நிற்கும்போதே கண்டுபிடித்தால் பத்துப் பேரில் ஒன்பது பேர் ஐந்தாண்டுக்கு மேல் வாழ்கிறார்கள் என்பது அமெரிக்கக் கணக்கு. தொலைவில் உள்ள உறுப்புகளுக்குப் பரவிய பிறகு அது பத்தில் இரண்டு பேர் கூட இல்லை. இந்த இடைவெளியில்தான் நம் கூச்சம் உட்கார்ந்திருக்கிறது. இந்தப் பக்கத்தை வீட்டுப் பெரியவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். அவர்களாக வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். நாம்தான் கேட்க வேண்டும்.