மூலக்கூறின் அமைப்பை அறிதல்

ஒரு பொருளில் எந்தெந்த அணுக்கள் எத்தனை உள்ளன என்பதை மூலக்கூறு வாய்பாடு கூறும். அவை எவ்வாறு இணைந்துள்ளன என்பதை அது கூறாது. இரண்டு கார்பன், ஆறு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன் ஆகிய ஒன்பது அணுக்களால் எத்தனால், டைமீத்தைல் ஈதர் என்னும் இரு பொருள்கள் அமைகின்றன. எத்தனால் 78 பாகை செல்சியசில் கொதிக்கும் நீர்மம். கைகளைத் தூய்மைப்படுத்தும் கரைசல்களில் பயன்படுவது. டைமீத்தைல் ஈதரோ எளிதில் தீப்பற்றும் வளிமம். வாய்பாட்டை மட்டும் நம்புவோர் இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாது.

இவற்றை வேறுபடுத்தி அறியும் வழிகளுள் ஒன்று அணுக்கரு காந்த ஒத்திசைவு நிறமாலை. ஹைட்ரஜன் அணுவின் கரு ஒரு சிறு காந்தம் போன்றது. அதை வலிய காந்தப்புலத்தில் வைத்து வானொலி அலைகளைச் செலுத்தினால், குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஆற்றலை ஏற்கும். சுற்றியுள்ள எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தைச் சிறிதளவு மறைக்கின்றன. ஆதலால், வெவ்வேறு சூழலில் உள்ள ஹைட்ரஜன்கள் வெவ்வேறு இடங்களில் முகடுகளாகத் தோன்றுகின்றன. ஆய்வினால் பொருள் சிதைவதில்லை.

1951ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த அர்னால்டு, தர்மட்டி, பேக்கார்டு ஆகிய மூவரும் எத்தனாலின் நிறமாலையில் மூன்று முகடுகள் தோன்றுவதை வெளியிட்டனர். இவர்களுள் தர்மட்டி இந்திய அறிவியலாளர். அவர் பின்னர் மும்பையிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் இத்துறை ஆய்வைத் தொடங்கி வளர்த்தார்.

நிறமாலையைப் படிப்போர் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும்.

முதலாவது, முகடு எங்கே உள்ளது? ஆக்சிஜனை அடுத்த கார்பனில் உள்ள ஹைட்ரஜன்கள் எத்தனாலில் ஏறத்தாழ 3.7 என்னும் அளவிலும், தொலைவிலுள்ளவை 1.2 என்னும் அளவிலும் தோன்றும்.

இரண்டாவது, பரப்பு எவ்வளவு? எத்தனாலின் முகடுகள் 3:2:1 என்னும் விகிதத்தில் அமையும். அது ஹைட்ரஜன்களின் எண்ணிக்கை விகிதமாகும்.

மூன்றாவது, முகடு எத்தனையாகப் பிளந்துள்ளது? அடுத்த கார்பனிலுள்ள ஹைட்ரஜன்களின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாகப் பிளவுறுதல் பொதுவிதி. எத்தனாலில் மூன்று ஹைட்ரஜன்களின் முகடு மூன்றாகவும், இரண்டின் முகடு நான்காகவும் பிளவுறும்.

ஆக்சிஜனோடு இணைந்த ஹைட்ரஜனின் முகடு செறிவுக்கேற்ப இடம் மாறக்கூடியது. கனநீர் சேர்த்தால் அம்முகடு மறையும். அதன் வாயிலாக அதனை உறுதி செய்யலாம்.

டைமீத்தைல் ஈதரின் ஆறு ஹைட்ரஜன்களும் ஒரே சூழலில் உள்ளன. எனவே, 3.3 என்னும் அளவை ஒட்டிப் பிளவற்ற ஒரே முகடு தோன்றும். இவ்விடம் எத்தனாலின் 3.7க்கு அருகில் இருப்பதால், இடத்தை மட்டும் நோக்குவோர் மயங்கக்கூடும். இடம், பரப்பு, பிளவு ஆகிய மூன்று சான்றுகளும் ஒரே அமைப்பைச் சுட்டும்போதே முடிவு உறுதியாகும். புதிய மருந்தின் மூலக்கூறை ஆராய்வோரும் இந்நெறியையே பின்பற்றுகின்றனர்.

சொற்பொருள்
நீர்மம் – திரவம்
வளிமம் – வாயு
முகடு – உச்சி
மயங்குதல் – ஒன்றை மற்றொன்றாகக் கருதுதல்

பயிற்சி
1. மூலக்கூறு வாய்பாடு எதனைக் கூறாது?
2. ஈதரின் நிறமாலையில் ஒரே முகடு தோன்றுவது ஏன்?
3. மூன்று சான்றுகளும் ஒத்திருத்தல் ஏன் தேவை? ஐந்து வரிகளில் எழுதுக.
4. பிரித்து எழுதுக: இவ்விரண்டையும், அம்முகடு.