ஒரு நூல் கூடினால் நாலு இஞ்ச் குறையும்



நம் குழுக்களில் தையல் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். ஜாக்கெட், பாவாடை, பள்ளிச் சீருடை என்று தைத்து வருமானம் பார்க்கிறோம். கட்பீஸ் துணிகளைச் சதுரமாக வெட்டி, ஒன்றோடொன்று இணைத்து, அடியில் பஞ்சு விரிப்பு வைத்துத் தைக்கும் துண்டுத்துணிப் போர்வையும் நமக்கு ஏற்ற தொழில்தான். ஆர்டர் கொடுப்பவர்கள் இதை 'க்வில்ட்' என்பார்கள்.

"ஜாக்கெட் தைக்கிறவளுக்கு சதுரத் துணியை இணைக்கத் தெரியாதா?" என்று கேட்பீர்கள். தெரியும். ஆனால் ஒரு பழக்கத்தை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். ஜாக்கெட்டில் பக்கத் தையலுக்குத் தாராளமாகத் துணி விடுகிறோம். இறுக்கமாக இருந்தால் பிரித்து விடலாம், தொளதொளவென்று இருந்தால் பிடித்துத் தைக்கலாம். துண்டுத்துணிப் போர்வையில் அதற்கு வழியே இல்லை. ஒவ்வொரு இணைப்பிலும் ஓரத்திலிருந்து சரியாகக் கால் இஞ்ச் தள்ளித் தையல் விழ வேண்டும். நம் ஊர் கணக்கில் ஒரு இஞ்சுக்கு 8 நூல். கால் இஞ்ச் என்றால் 2 நூல். இதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

9 சதுரம் கொண்ட ஒரு கட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு சதுரமும் 4½ இஞ்ச். ஒரு வரிசைக்கு 3 சதுரம், நடுவில் 2 தையல். மொத்தம் 13½ இஞ்ச். ஒரு தையல் இரண்டு பக்கத் துணியிலும் கால் இஞ்ச், ஆக அரை இஞ்ச் எடுத்துக்கொள்ளும். 2 தையலுக்கு 1 இஞ்ச் போக, கட்டத்தின் அளவு 12½ இஞ்ச் வரும். இதுதான் சரியான அளவு.

இப்போது ஒருத்தர் 2 நூலுக்குப் பதில் 3 நூல் விட்டுத் தைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய கட்டம் 12 இஞ்ச்தான் வரும். சரியாகத் தைத்தவருடைய 12½ இஞ்ச் கட்டத்தோடு இது எப்படிச் சேரும்? இழுத்துப் பிடித்துத் தைத்தால் சுருக்கம் விழும், மூலைகள் ஒன்றோடொன்று பொருந்தாது.

போர்வை முழுவதையுமே அவர் ஒருத்தர் தைத்தால்? 6 கட்டம் கொண்ட வரிசையில் 18 சதுரம், 17 தையல். ஒவ்வொரு தையலிலும் கால் இஞ்ச் கூடுதலாகப் போகும். 72½ இஞ்ச் வரவேண்டிய வரிசை 68¼ இஞ்ச் ஆகிவிடும். 4¼ இஞ்ச் போச்சு! அரை நூல் பிசகினாலே 2 இஞ்சுக்கு மேல் குறைந்துவிடும்.

கைத்தையலில் இந்தக் கஷ்டம் இல்லையே?

வங்காளத்துப் பெண்கள் பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்டு 'காந்தா' செய்கிறார்கள். கர்நாடகாவின் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி இனப் பெண்கள் 'கவந்தி' என்ற போர்வையை ஓரத்தில் ஆரம்பித்து நடுவை நோக்கி, துண்டு துண்டாக வைத்துக் கையாலேயே தைத்துக்கொண்டு போகிறார்கள். அங்கே அடுத்த துண்டை இடத்துக்குத் தகுந்தபடி மடித்துக்கொள்ளலாம். ஒருத்தர் கண்ணும் கையுமே அளவுகோல்.

நாம் செய்யப் போவது வேறு மாதிரி. பத்துப் பேர் பத்து வீட்டில், பத்து மெஷினில் கட்டங்களைத் தைத்துக் கொண்டுவந்து ஒரு போர்வையாகச் சேர்க்கிறோம். இங்கே அளவுகோல் மெஷினிலேயே இருக்க வேண்டும். அந்த அளவுகோல்தான் துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம். கடையில் 'ஃபுட்' என்று கேட்டு வாங்குகிறோமே, அதேதான்.

முதலில் உங்கள் பாதத்தை அளந்து பாருங்கள்

தைக்கும்போது துணியின் ஓரத்தைப் பாதத்தின் வலது ஓரத்தோடு ஒட்டி விடுவது நம் வழக்கம். ஆகவே ஊசிக்கும் பாதத்தின் வலது ஓரத்துக்கும் இடையே எவ்வளவு தூரமோ, அவ்வளவுதான் தையல் விளிம்பு. இது எல்லாப் பாதத்திலும் ஒன்றாக இருக்காது.

ஒரு தாளில் வலது ஓரத்திலிருந்து சரியாக 2 நூல் தள்ளி பென்சிலால் கோடு போடுங்கள். ஊசியில் நூல் கோக்காமல், கைச்சக்கரத்தை மெதுவாகத் திருப்பி, ஊசி முனை கோட்டின் மேல் இறங்கும்படி தாளை வையுங்கள். பாதத்தை இறக்குங்கள். பாதத்தின் ஓரமும் தாளின் ஓரமும் ஒன்றாக இருந்தால் உங்கள் பாதம் சரியானது. தாள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பாதம் குறுகலானது. தாளின் ஓரத்தைப் பாதம் மறைத்தால் அது அகலமானது.

எந்த வேலைக்கு எந்தப் பாதம்?

*ஜிக்ஜாக் பாதம்:* ஜிக்ஜாக் மெஷினோடு வருவது. ஊசி இடமும் வலமும் போக வேண்டும் என்பதால் அகலமாக இருக்கும். பெரும்பாலும் ஊசியிலிருந்து ஓரம் வரை 2 நூலைவிட அதிகம். இதை நம்பித் துண்டுகளை இணைத்தால் மேலே சொன்ன 4 இஞ்ச் நஷ்டம்தான். ஊசியை வலப்பக்கம் நகர்த்தும் வசதி உள்ள மெஷினில், 2 நூல் வரும்வரை நகர்த்தி வைத்துத் தைக்கலாம்.

*கால் இஞ்ச் பாதம்:* துண்டுகளை இணைப்பதற்கென்றே செய்தது. ஊசியிலிருந்து வலது ஓரம் சரியாக 2 நூல். சிலவற்றில் வலப்பக்கம் ஒரு சிறு தகடு கீழே இறங்கியிருக்கும். துணியின் ஓரத்தைத் தகட்டில் முட்டவைத்து ஓட்டினால் விலகாமல் போகும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இது நல்லது. ஒரு எச்சரிக்கை: ஊசி இறங்க ஒரே சிறு துளை உள்ள பாதமாக இருந்தால், ஊசியை நடுவில் வைத்து நேர்தையல் மட்டுமே போடுங்கள். மறந்து ஜிக்ஜாக் போட்டால் ஊசி பாதத்தில் இடித்து உடையும். துண்டு கண்ணில் தெறிக்கலாம்.

*நடக்கும் பாதம்:* இது இணைப்பதற்கு அல்ல. மேல்துணி, பஞ்சு விரிப்பு, அடித்துணி என மூன்று அடுக்கையும் சேர்த்துக் கடைசியில் தைப்பதற்கு. மெஷினின் அடியில் உள்ள பல், கீழ்த்துணியை மட்டும்தான் தள்ளும். மேல்துணி பின்தங்கிச் சுருங்கும். நடக்கும் பாதத்திலும் பல் இருப்பதால் மேலடுக்கையும் கூடவே தள்ளிக்கொண்டு போகும்.

வாங்கப் போகும்போது உங்கள் பழைய பாதத்தைக் கழற்றிக் கையோடு கொண்டு போங்கள். வீட்டு மெஷினுக்கும் பவர் மெஷினுக்கும் பாதம் மாட்டும் தண்டின் உயரம் வேறு. ஒன்றுக்கு உள்ளது இன்னொன்றுக்குச் சேராது.

"புதுசு வாங்கக் காசு இல்லைக்கா"

கவலை வேண்டாம். ஊசியிலிருந்து வலப்பக்கம் 2 நூல் அளந்து, மெஷின் தட்டின் மேல் பிளாஸ்திரியை நாலைந்து அடுக்காக நேராக ஒட்டுங்கள். சிறு சுவர் மாதிரி நிற்கும். துணியின் ஓரத்தை அதில் உரசியபடி ஓட்டினால் போதும். பாதம் அகலமாக இருந்து அதன் அடியில் மாட்டினால், பாதத்துக்குச் சற்று முன்னால் ஒட்டுங்கள். பல்லையும், பாபின் எடுக்கத் திறக்கும் தகட்டையும் மறைக்காமல் ஒட்ட வேண்டும்.

மூன்று பட்டைச் சோதனை

பாதம் சரி, துணியில் அளவு சரியாக வருகிறதா? ஆர்டருக்கு வெட்டும் அதே துணியில் 1½ இஞ்ச் அகலம், 6 இஞ்ச் நீளத்தில் 3 பட்டை வெட்டுங்கள். நீளவாக்கில் இணைத்துத் தைத்து, அயர்ன் செய்து, அகலத்தை அளந்து பாருங்கள். சரியாக 3½ இஞ்ச் வர வேண்டும். நடுப்பட்டை சரியாக 1 இஞ்ச் இருக்க வேண்டும். 3¼ இஞ்ச்தான் வருகிறது என்றால் ஒவ்வொரு தையலிலும் அரை நூல் கூடுதலாகப் பிடிக்கிறீர்கள்.

2 நூல் அளந்து தைத்தும் கொஞ்சம் குறைகிறதே என்று சிலர் கேட்கலாம். தையல் இடத்தில் துணி மடங்கும்போது அந்த மடிப்பு ஓர் இழை அளவு தின்றுவிடும். ஆகவே தையலை 2 நூலைவிட ஓர் இழை குறைவாக, துணி ஓரத்துப் பக்கம் தள்ளி ஓட்டுங்கள். சரியாகிவிடும்.

தைக்கும்போது கவனிக்க வேண்டியவை

1. வெட்டு தப்பினால் பாதம் காப்பாற்றாது. அட்டை அச்சின் ஓரம் தேய்ந்துவிடும். தகர அச்சோ ஸ்டீல் ஸ்கேலோ வைத்து வெட்டுங்கள்.
2. துணியைப் பின்னாலிருந்து இழுக்காதீர்கள். பல் தள்ளட்டும், நம் கை வழிகாட்டினால் போதும்.
3. தையல் ஒரு இஞ்சுக்கு 10 முதல் 12 வரை இருக்கட்டும்.
4. சதுரத்தின் முனை ஊசித்துளைக்குள் சிக்குகிறதா? முதலில் ஒரு வேண்டாத துண்டில் தையலை ஆரம்பித்து, நூலை அறுக்காமல் அப்படியே சதுரத்துக்குப் போங்கள். அடுத்தடுத்த சதுரங்களையும் மாலை கோப்பது போல வரிசையாக விடலாம். நூலும் நேரமும் மிச்சம்.
5. அயர்ன் பாக்ஸைத் தேய்த்து இழுத்தால் துணி நீளும். வைத்து அழுத்தி எடுங்கள். முதல் வரிசையின் மடிப்பு வலப்பக்கம் என்றால் அடுத்த வரிசையின் மடிப்பு இடப்பக்கம் இருக்கட்டும். அப்போதுதான் மூலைகள் தடிக்காமல் பொருந்தும்.

குழு வேலைக்கு இது ஏன் முக்கியம்?

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் வில்காக்ஸ் மாவட்டத்தில் 1966-இல் ஏழைக் கறுப்பினப் பெண்கள் சேர்ந்து 'ஃப்ரீடம் க்வில்டிங் பீ' என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். வீட்டுக்கென்று போர்வை தைத்துக்கொண்டிருந்தவர்கள் கடைகளுக்குத் தைக்க ஆரம்பித்தார்கள். 1972-இல் 'சியர்ஸ்' என்ற பெரிய நிறுவனத்துக்குத் தலையணை உறை தைத்துக் கொடுக்கும் ஆர்டரும் கிடைத்தது. 2012 வரை அந்தக் கூட்டுறவு இருந்தது. வீட்டுப் போர்வை ஒரு பக்கம் கோணலாக இருந்தாலும் குளிருக்கு உதவும். கடைக்கு அனுப்பும் சரக்கு ஒன்று போல ஒன்று இருக்க வேண்டும்.

நம்மிடமும் அதேதான். போர்வை அளவு குறைந்து திரும்பி வந்தால் துணிக்காசும் போகும், கூலியும் போகும். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. "உன் கட்டத்தால்தான் கெட்டது" என்று ஒருத்தரை ஒருத்தர் சொல்ல ஆரம்பித்தால் குழுவே ஆடிப்போகும். நன்றாகத் தைத்தவர்கூட, தன் பாதம் அகலமானது என்று தெரியாததால், பழி சுமக்க நேரிடும்.

அதனால் நாம் ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளலாம். ஆர்டர் வந்ததும், துணி பிரித்துக் கொடுப்பதற்கு முன்பே, ஒவ்வொருவரும் தன் வீட்டு மெஷினில் மூன்று பட்டைச் சோதனை செய்து கொண்டுவர வேண்டும். எல்லாருடையதையும் ஒரே ஸ்கேலில், எல்லார் முன்னாலும் அளக்க வேண்டும். 3½ இஞ்ச் வந்தால் பெயர் எழுதி நோட்டில் ஊசி குத்தி வைக்கலாம். வராதவரை யாரும் குறை சொல்லக் கூடாது. பாதத்தை மாற்றியோ பிளாஸ்திரி ஒட்டியோ சரி செய்து, இன்னொரு தடவை தைத்து வரச் சொல்வோம். மூத்தவர், இளையவர், தலைவி, புது உறுப்பினர் எல்லாருக்கும் ஒரே அளவு.

குழுச் சேமிப்பில் ஒரு ரூபாய் குறைந்தாலும் நோட்டைப் பார்த்துக் கேட்கிற நாம், தையலில் அரை நூலையும் அதே மாதிரி கேட்டுப் பழகுவோம்.

அடுத்த கூட்டத்தில் செய்து பார்க்க

* உங்கள் குழுவில் எத்தனை மெஷின், எத்தனை வகைப் பாதம் இருக்கிறது? கணக்கெடுங்கள்.
* ஆளுக்கு 3 பட்டை தைத்து வந்து, எல்லாவற்றையும் அடுக்கி வைத்து ஒப்பிடுங்கள்.
* நடக்கும் பாதம் எல்லாருக்கும் தேவையில்லை. குழுவுக்கு ஒன்று பொதுவில் வாங்கலாமா என்று பேசி முடிவெடுங்கள்.