முச்சாண் கம்பு: கையில் இருந்தால் போதாது, பழக்கமும் வேண்டும்



தற்காப்புப் பயிற்சி என்று சொன்னதும் போன மாதக் கூட்டத்தில் பலர் சிரித்தீர்கள். “பேரன் பேத்தி எடுத்தாச்சு, இனிமேல் சிலம்பம் சுத்தணுமாக்கும்?” என்று ஒரு அக்கா கேட்டார். வடகரையைச் சேர்ந்த களரி ஆசான் மீனாட்சி அம்மா 2017-இல் பத்மஸ்ரீ விருது பெற்றபோது அவருக்கு வயது எழுபதுக்கு மேல். அப்போதும் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு கம்பு பிடித்தவர் அவர். அதனால் வயதைக் காரணம் சொல்லாதீர்கள்.

சிலம்பத்தில் நெடுங்கம்பு நம் நெற்றி உயரம் இருக்கும். அதைப் பஸ்ஸிலோ ஒற்றையடிப் பாதையிலோ கொண்டுபோக முடியாது. நமக்கு ஏற்றது மூன்று சாண் கம்பு. களரியில் இதை முச்சாண் என்பார்கள். ஏறக்குறைய 27 அங்குலம். பிரம்பு நல்லது. மூங்கில் என்றால் சிலாம்பு இல்லாமல் சீவிக்கொள்ளுங்கள். பிடித்தால் கட்டைவிரல் ஆள்காட்டி விரல் நுனியைத் தொடவேண்டும், அந்தப் பருமன் போதும். கனமான கட்டை வேண்டாம், நாலு வீச்சில் கை ஓய்ந்துவிடும்.

முதலில் நிற்கப் பழகவேண்டும். முந்தானையை இடுப்பில் செருகி, கண்ணாடி வளையலைக் கழற்றிவிடுங்கள். இடது கால் முன்னால், வலது கால் பின்னால், முழங்கால் லேசாக மடங்கட்டும். இடது கை முகத்துக்கு முன்னால் காவலாக இருக்கவேண்டும். கம்பின் அடியில் நாலு விரல்கடை விட்டுப் பிடியுங்கள்.

நம்மில் பெரும்பாலோர் கம்பைத் தலைக்குமேல் ஓங்குகிறோம், துணி துவைக்கிற மாதிரி. அப்படி ஓங்கினால் விலாப்பக்கம் முழுதும் திறந்துவிடும். அடி இறங்குவதற்குள் எதிராளி கையைப் பிடித்துவிடுவான். மணிக்கட்டையும் இடுப்பையும் சேர்த்துத் திருப்பி, குறுக்கே சுருக்கென்று வீசவேண்டும். வீசியதும் ஒரு எட்டு பின்னால் வந்துவிட வேண்டும். நம்மை நோக்கி நீளும் மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் எலும்பு, இவைதான் குறி. ரொம்ப நெருங்கிவிட்டால் வீச இடமிருக்காது. அப்போது இரண்டு கையாலும் பிடித்து முனையால் வயிற்றில் குத்துங்கள். மண்டையில் அடிக்கவேண்டாம், உயிர் போய்விடும்.

மேலிருந்து அடி வந்தால் கம்பை இரண்டு கையாலும் நெற்றிக்குமேல் சாய்வாகப் பிடியுங்கள். நேராகப் பிடித்தால் முழு அடியும் நம் கைக்குத்தான். சாய்த்தால் வழுக்கிப் போகும்.

கம்பைப் பிடித்துக்கொண்டால்? நேராக இழுத்தால் பலம் உள்ளவன்தான் ஜெயிப்பான். அவன் கட்டைவிரலும் மற்ற விரல்களும் சேரும் பக்கமாகக் கம்பைத் திருகி விடுவியுங்கள். முடியவில்லையா, விட்டுவிட்டு ஓடுங்கள். கம்பு போனால் போகட்டும். கத்தியோ நெடுங்கம்போ வைத்திருப்பவனிடம் நின்று சண்டை போடாதீர்கள். பைக்கில் வந்து சங்கிலியை இழுப்பவனோடு மல்லுக்கட்டினால் ரோட்டில் தேய்த்துக்கொண்டு போய்விடுவான். கம்பு இருப்பது தப்பிக்க நேரம் வாங்குவதற்கு மட்டும்தான். வீசும்போதே பக்கத்து வீட்டுக்காரர் பெயரைச் சொல்லிக் கத்துங்கள்.

கம்பு இல்லாத நாளில் மடக்கிய குடையும் நீள டார்ச் லைட்டும் அதே வேலையைச் செய்யும். அரிவாளை எடுக்காதீர்கள். பிடுங்கினால் நமக்கே வினை.

“திருப்பி அடிச்சா நம்ம மேலயே கேஸ் போடமாட்டாங்களா?” இது எல்லா ஊரிலும் கேட்கிற கேள்வி. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைச் சொல்கின்றன. ஆபத்து இருக்கும்வரை, தடுக்கத் தேவையான அளவுக்கு அடிக்கலாம். அவன் ஓடிவிட்டபின் துரத்திப்போய் அடித்தால் அது தற்காப்பு ஆகாது. பலாத்கார முயற்சி, ஆசிட் வீச்சு போன்றவற்றில் இந்த உரிமை இன்னும் விரிவானது.

கூட்டம் முடிந்தபின் தனியாக வந்து மெதுவாக ஒரு தங்கை கேட்டார்: “வெளியாள் பரவாயில்லைங்க்கா, வீட்டுக்குள்ளயே அடிச்சா?” இதற்கு நான் கம்பைக் காட்டமாட்டேன். ராத்திரி அதே வீட்டில்தான் படுக்கவேண்டும், பிள்ளைகளும் அங்கேதான் இருப்பார்கள். கையை மறைத்துத் தப்பிக்க இந்தப் பயிற்சி உதவலாம். ஆனால் அடி நிற்க 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரிடம் மனு கொடுக்கலாம். 181 எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம். உடனடி ஆபத்து என்றால் 112. மனு எழுதத் தெரியாவிட்டால் குழுச் செயலாளர் எழுதிக்கொடுங்கள், கூடவே போங்கள். தீர்மானப் புத்தகத்தில் அவர் பெயரை எழுதவேண்டாம்.

வாரக் கூட்டத்துக்கு முன் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். வைக்கோல் திணித்த சாக்கை மரத்தில் கட்டி, வலது கைக்கு இருபது வீச்சு, இடது கைக்கு இருபது. கர்ப்பிணிகளும் ஆபரேஷன் ஆனவர்களும் வீச்சை விட்டு, நிற்கவும் கத்தவும் மட்டும் பழகலாம். கத்துவதற்குத்தான் நம் பெண்கள் அதிகம் கூச்சப்படுகிறார்கள். அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கொரு கம்போடு வாருங்கள். மகளையும் மருமகளையும் கூட்டி வாருங்கள்.