நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி

கேள்வி: போன மாதம் எங்களுடைய நாற்பதாவது திருமண நாள். சென்னையில் வேலை பார்க்கும் மகன், ஒரு பெரிய ஓட்டலில் இருக்கும் இத்தாலிய உணவகத்துக்கு எங்களை அழைத்துப் போனான். மேசையில் மெழுகுவத்தி, மடித்து வைத்த துணி, ஆளுக்கு மூன்று முள்கரண்டி. தக்காளி சாஸ் போட்ட ஸ்பாகெட்டி வந்தது. கடித்தால் நடுவில் வேகவில்லை. பரிமாறியவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அல் தெந்தே சார், இப்படித்தான் இருக்கும்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். "இன்னொரு கொதி விட்டிருக்கலாம்" என்றாள் என் மனைவி, எனக்கு மட்டும் கேட்கும்படி. அவள் கிண்டும் சேமியா உப்புமா பூப்போல இருக்கும். ஒரு தட்டுக்குக் கொடுத்த காசில் எங்கள் வீட்டுக்கு ஒரு வார மளிகை வாங்கிவிடலாம். அவ்வளவு வாங்கிக்கொண்டு ஏன் அரைவேக்காட்டில் இறக்குகிறார்கள்? எனக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது. உடம்புக்கு ஒன்றும் செய்யாதா?
— ஒரு விவசாயி, வேடந்தாங்கல்

பதில்: அன்புள்ள ஐயா, முதலில் உங்கள் இருவருக்கும் வாழ்த்துகள். கடிதத்தில் உணவகத்தின் பெயரையும் எழுதியிருந்தீர்கள். அதை எடுத்துவிட்டேன். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் சமையல்காரர் மேல் தப்பு இருப்பதாகத் தெரியவில்லை. பரிமாறியவர்தான் ஒரு நிமிடம் நின்று பதில் சொல்லியிருக்க வேண்டும். அவர் பாக்கி வைத்ததை நான் தீர்க்கிறேன்.

'அல் தெந்தே' என்றால் இத்தாலிய மொழியில் 'பல்லுக்கு' என்று பொருள். பல்லுக்குக் கொஞ்சம் வேலை மிச்சம் வைக்கும் பதம். இந்தப் பதம் பார்ப்பது உங்களுக்குப் புதிதில்லை. காயவைத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்கு ஏற்றுவதற்கு முன் இரண்டு மணியை எடுத்துக் கடித்துப் பார்ப்பீர்கள். கடுக்கென்று உடைந்தால் வண்டியில் ஏற்றலாம். நசுங்கினால் இன்னொரு வெயில் காய வேண்டும். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டுகிறதா என்று அங்கே கருவி வைத்துப் பார்ப்பார்கள். உங்கள் பல் அதைக் களத்திலேயே சொல்லிவிடும். இத்தாலியச் சமையல்காரரும் பல்லை நம்பித்தான் அடுப்பை அணைக்கிறார்.

சரி, அவசரத்தில் இறக்கிவிட்டார்களா, கேஸை மிச்சம் பிடிக்கிறார்களா என்ற சந்தேகத்தை முதலில் கழித்துவிடுவோம். காய்ந்த ஸ்பாகெட்டி வேக எட்டு முதல் பன்னிரண்டு நிமிடம் ஆகும். அல் தெந்தேக்கும் குழைவுக்கும் நடுவே இரண்டு மூன்று நிமிடம்தான். அதில் எந்த ஓட்டலும் பணம் சேர்க்க முடியாது. சொல்லப்போனால் குழைய விடுவதுதான் சுலபம். அடுப்பில் போட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். நிமிடத்தைப் பிடித்து இறக்க வேண்டுமானால் ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

'அவர்கள் ஆதியிலிருந்தே இப்படித்தான் சாப்பிடுகிறார்கள், அவர்கள் வழக்கம் அவர்களுக்கு' என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். அதுவும் சரியில்லை. இத்தாலிக்கும் உங்கள் மாவட்டத்துக்கும் உள்ள உறவு பழையது. பாலாறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே, வசவசமுத்திரத்தில் நடந்த அகழாய்வில் ரோமானியச் சாடிகளின் உடைந்த ஓடுகள் கிடைத்தன. அந்த வகைச் சாடிகளில்தான் மதுவும் எண்ணெயும் கப்பலேறின. ஆனால் அந்த ரோமானியர்களுக்கு ஸ்பாகெட்டி தெரியாது. தக்காளி தெரிந்திருக்க வழியே இல்லை, அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. இத்தாலியில் காய்ந்த மாவு நூலைப் பற்றிய பழைய தெளிவான குறிப்பு 1154-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சிசிலித் தீவின் திராபியா என்ற ஊரில் அதைச் செய்து கப்பல் கப்பலாக வெளியூர்களுக்கு அனுப்பியதாக அல் இத்ரீசி என்ற அரபுப் புவியியலாளர் எழுதியிருக்கிறார்.

அதை எப்படி வேகவைத்தார்கள் என்பதில்தான் வேடிக்கை. 15-ஆம் நூற்றாண்டில் மார்த்தினோ என்ற பேர்பெற்ற சமையல்காரர் எழுதிவைத்த நூல், சிசிலி மக்ரோனியை இரண்டு மணி நேரம் வேகவிடச் சொல்கிறது! அன்றைக்கு ஆட்சியில் இருந்தது உங்கள் துணைவியாரின் கட்சிதான். கடித்துச் சாப்பிடும் பதம் பிற்பாடு வந்தது. அதை நேப்பிள்ஸ் நகரத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் அங்கே தெருவோரத்தில் பெரிய கொப்பரைகளில் மக்ரோனி வெந்துகொண்டிருக்கும். ஏழை எளியவர்கள் வாங்கி, கையால் உயரத் தூக்கி, அண்ணாந்து வாய்க்குள் இறக்குவார்கள். உங்களை மிரட்டிய மூன்று முள்கரண்டியும் அந்தக் கூட்டத்தில் கிடையாது.

ஆக, கஞ்சத்தனமும் காரணமில்லை, ஆதிகாலப் பழக்கமும் காரணமில்லை. காரணம் கோதுமையில் இருக்கிறது.

நாம் சப்பாத்திக்கு அரைப்பது ஒரு கோதுமை. ஸ்பாகெட்டிக்கு அரைப்பது 'துரும்' கோதுமை. லத்தீனில் துரும் என்றால் கடினம். ஆலையில் அது மாவாவதற்கு அடம்பிடித்து, மஞ்சள் நிறத்தில் குருணையாக உடையும். அந்தக் குருணைக்குப் பெயர் செமோலினா. நம் ரவைக்கு உறவு. சப்பாத்திக் கோதுமையின் உயிரணுவில் 42 குரோமோசோம்கள், அதாவது மரபுச் செய்தியைச் சுமக்கும் இழைகள், துருமில் 28. சர்க்கரைக்காரர்களுக்குக் கஞ்சி காய்ச்சித் தரும் சம்பா கோதுமை இருக்கிறதே, அதற்கும் 28-தான். எம்மர் என்னும் அந்தப் பழைய இனத்தின் வழியில் வந்ததுதான் துரும். மத்தியப் பிரதேசத்து மால்வா பகுதியில் இன்றும் துரும் விளைகிறது. காய்ந்த பாஸ்தாவைத் துரும் கோதுமையில் மட்டுமே செய்ய வேண்டும் என்று இத்தாலி 1967-இல் சட்டமே போட்டது.

இந்தக் கோதுமையில் அப்படி என்ன இருக்கிறது? பானைக்குள் எட்டிப் பார்ப்போம். ஸ்பாகெட்டி இழையில் முக்கியமான பொருள்கள் இரண்டு. ஒன்று மாவுச்சத்து. மற்றொன்று குளூட்டன் என்னும் புரதம். பரோட்டா மாஸ்டர் மாவை வீசும்போது அது கிழியாமல் இழுபடுவது இதனால்தான். சுமார் 60 டிகிரி சூட்டுக்கு மேல் மாவுச்சத்தின் நுண்மணிகள் தண்ணீரைக் குடித்து உப்பிப் பசையாகத் தொடங்கும். இதற்கு ஜெலட்டினாக்கம் என்று பெயர். அடுப்பில் கஞ்சி கெட்டிப்படுவதும் இதே சங்கதிதான். அதே நேரத்தில் குளூட்டனும் சூட்டில் இறுகி, அந்த மணிகளைச் சுற்றி வலைபோல நின்றுவிடும். துருமில் இந்த வலை நெருக்கமானது. தண்ணீர் வெளியிலிருந்து உள்ளே மெல்லத்தான் நுழைய முடியும்.

சரியான நேரத்தில் இறக்கினால் வலை கிழிந்திருக்காது. மணிகள் உள்ளேயே இருக்கும். தாமதித்தால் மணிகள் உப்பி வெடித்து, வலையைக் கிழித்து, பசை வெளியே வழியும். இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நம் சேமியாவுக்கு இந்தப் பிரச்சினை வேறு மாதிரி. இழை அத்தனை மெலிசு என்பதால் போட்ட இரண்டாவது நிமிடமே தண்ணீர் நடுவைத் தொட்டுவிடும். அது குழையாமல் இருக்கத்தான் முதலில் வறுக்கிறோம், தண்ணீரையும் அளந்து ஊற்றுகிறோம். அரிசியில் குளூட்டனே கிடையாது. அதனால்தான் இடியாப்ப மாவில் கொதிநீரை ஊற்றிப் பாதிப் பசையாக்கிய பிறகு பிழிகிறோம்.

மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெருவில், வெளிநாட்டுப் பயணிகளுக்குச் சமைத்துப் போடும் ஒரு சின்னக் கடையின் அடுப்படியில் நின்று இதை நான் பார்த்திருக்கிறேன். ஏழாவது நிமிடத்தில் சமையல்காரர் ஓர் இழையை எடுத்து, நகத்தால் கிள்ளி, வெட்டுவாயை என் கண்ணுக்கு நேரே நீட்டினார். மஞ்சள் வட்டம், நடுவே அரைக் கடுகளவு வெள்ளை. அடுத்த நிமிடம் இன்னொன்றைக் கிள்ளினார். வெள்ளை ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தது. "இப்ப எடுக்கணும் சார், விட்டா கூழு" என்று சொல்லி வாயை மூடுவதற்குள் வடிதட்டில் கொட்டிவிட்டார். அந்த வெள்ளைப் புள்ளியை இத்தாலியர்கள் 'அனிமா' என்கிறார்கள். ஆன்மா என்று பொருள்.

நீங்கள் வேகவில்லை என்று நினைத்தது இந்தப் புள்ளியைத்தான். இங்கே ஒரு நுட்பம் உண்டு. சூடு வேகமாகப் பரவும், தண்ணீர் மெதுவாகத்தான் ஊறும். இரண்டு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத இழைக்குள் கொதிநீரின் சூடு சீக்கிரமே நடுவரை போய்விடுகிறது. தண்ணீர்தான் அங்கே முழுசாகப் போய்ச் சேரவில்லை. ஆகவே அது பச்சை மாவு என்று பயப்பட வேண்டாம். சர்க்கரையைப் பொறுத்தவரை உங்களுக்கு இது ஓரளவு சாதகம். வலை கிழியாத இழையில் செரிமான நொதிகள் மாவுச்சத்தை மெதுவாகத்தான் எட்டும். குழைந்ததைவிட, வெள்ளை ரொட்டியைவிட, இரத்தத்தில் சர்க்கரை நிதானமாக ஏறும். அதற்காக அளவை மறந்துவிடாதீர்கள். பதம் எதுவானாலும் அது மாவுச்சத்துதான். எவ்வளவு என்பது உங்கள் மருத்துவர் சொன்ன கணக்குப்படி.

சீக்கிரம் இறக்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தண்ணீரிலிருந்து எடுப்பதோடு சமையல் முடிவதில்லை. நல்ல உணவகத்தில் ஸ்பாகெட்டியை ஓரிரு நிமிடம் முன்னதாகவே எடுத்து, சாஸ் கொதிக்கும் வாணலியில் போட்டு, வேகவைத்த தண்ணீரில் ஒரு கரண்டி ஊற்றிக் குலுக்குவார்கள். அந்தத் தண்ணீரில் கரைந்த மாவுச்சத்து சாஸை இழையோடு பிடிக்கவைக்கும். பிரியாணி மாஸ்டர் அரிசியை முக்கால் வேக்காட்டில் வடித்து, மசாலாவோடு சேர்த்துத் தம் போடுவதில்லையா? மீதிக் கால் வேக்காடு தம்மில். இங்கே அது வாணலியில். தட்டில் வந்த பிறகும் உள்சூட்டில் கொஞ்சம் வெந்துகொண்டேதான் இருக்கும்.

ஆனால் 'அல் தெந்தே' என்ற சொல்லைக் காட்டி எதையும் தள்ளிவிட முடியாது. கடிக்கும்போது இழை லேசாக எதிர்த்துவிட்டு வெட்டென்று அறுந்தால் அது சரியான பதம். கடைவாயில் ஒட்டினாலோ, பச்சை மாவு ருசித்தாலோ, வெள்ளை புள்ளியாக இல்லாமல் தண்டுபோலத் தடித்திருந்தாலோ அது வேகாததுதான். தயங்காமல் திருப்பி அனுப்பலாம். மெதுவானதுதான் வேண்டுமென்றால் அதற்கும் அவர்கள் பட்டியலில் வழி இருக்கிறது. முட்டை சேர்த்துப் பிசைந்து அன்றன்றைக்குச் செய்யும் தாலியாத்தெல்லே என்ற பட்டை பாஸ்தா மிருதுவாக இருக்கும். நியோக்கி என்பது உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை மாதிரி. போலெந்தா என்று ஒன்று இருக்கும். பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள், மக்காச்சோளக் களி.

தட்டில் இரண்டு கைப்பிடிதான் இருந்தது என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். இத்தாலியச் சாப்பாட்டு வரிசையில் பாஸ்தாவுக்குப் 'பிரிமோ', அதாவது முதலாவது, என்று பெயர். அதற்குப் பின்னால் மீனோ இறைச்சியோ 'செகொந்தோ'வாக, இரண்டாவதாக வரும். அதனால் ஆளுக்கு எண்பது முதல் நூறு கிராம் காய்ந்த பாஸ்தா என்பதுதான் அவர்கள் கணக்கு. விலைக்கு என்னிடம் விளக்கம் இல்லை. மெழுகுவத்தியைக் கேட்க வேண்டும்.

மார்கழியில் ஏரிக்கு நாரை பார்க்க மகன் நண்பர்களோடு வரும்போது வீட்டிலேயே ஒருமுறை செய்து பாருங்கள். நூறு கிராம் ஸ்பாகெட்டிக்கு ஒரு லிட்டர் தண்ணீர், பத்து கிராம் உப்பு. எண்ணெய் விட வேண்டாம். அது மேலே மிதக்குமே தவிர, ஒட்டாமல் தடுக்காது. போட்டவுடன் இரண்டு முறை கிளறிவிட்டால் போதும். ஏழாவது நிமிடத்திலிருந்து நிமிடத்துக்கு ஓர் இழையாக எடுத்துக் கிள்ளுங்கள். கிள்ளும் வேலையை உங்கள் துணைவியாரிடம் விட்டுவிடுவது நல்லது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு எடுத்து நாற்பது வருடமாக நசுக்கிப் பார்த்த விரல் அது; வெள்ளைப் புள்ளி மறையும் நொடி அந்த விரலுக்குத்தான் முதலில் தெரியும்.

அடுத்த முறை அந்த உணவகத்துக்குப் போனால், முதல் இரண்டு வாயை மட்டும் அவர்கள் பதத்திலேயே சாப்பிட்டுப் பாருங்கள். அப்புறமும் பிடிக்கவில்லையென்றால் பரிமாறுபவரைக் கூப்பிட்டு, அம்மா அன்றைக்கு உங்கள் காதில் சொன்னதை அவர் காதிலும் விழும்படி சொல்லுங்கள்: "தம்பி, இன்னொரு கொதி விட்டுக் கொண்டு வாங்க." காசு கொடுத்துச் சாப்பிடுகிறவரின் பல்லுக்கு ஏற்ற பதமும் அல் தெந்தேதான்.