ஆதிக் காந்தமும் பழைய ஒளியும்

மாலுமியின் திசைகாட்டியைத் திருப்பும் காந்த சக்தி பூமிக்கு மாத்திரம் உரியதன்று. பால்வீதி மண்டலம் முழுவதும் அது பரவியிருக்கின்றது. பூமியின் காந்த வலிமை ஏறக்குறைய அரைக் காஸ் எனின், பால்வீதியினது ஒரு காஸில் பத்து லட்சத்தில் சில பங்கே. அளவிற் சிறிதாயினும் அது வந்த வழி இன்னும் விளங்கிற்றில்லை.

சுழலும் மின்னேறிய வாயு, டைனமோ இயந்திரம்போலக் காந்தத்தைப் பெருக்கவல்லது என்பர் பௌதிக நூலார். அஃது உண்மையே. ஆயினும் டைனமோ உள்ளதைப் பெருக்குமேயன்றி இல்லாததை ஆக்காது. உறைமோரின்றிப் பால் தயிராகுமோ? அவ்வுறைமோர் நக்ஷத்திரங்கள் தோன்றிய காலத்தே உண்டாயிற்றா, அன்றிப் பிரபஞ்சத்தின் தொடக்கத்திலேயே இருந்ததா என்பதே வினா.

இதற்குச் சாட்சி கூறத்தக்க பழைய ஒளி ஒன்று உளது. 1964-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் நியூ ஜெர்ஸியில், பென்சியாஸ், வில்சன் என்னும் இருவர் தம் வானொலி ஏற்பியை எத்திசைத் திருப்பினும் ஒழியாத இரைச்சலொன்றைக் கண்டனர். அதனுள் தங்கிய புறாக்களின் எச்சத்தைத் துடைத்தும் இரைச்சல் நீங்கவில்லை! பிரபஞ்சம் தோன்றி ஏறத்தாழ 3,80,000 ஆண்டுகளானபோது, மூடுபனி விலகினாற்போல் வெளி தெளிய, அன்று விடுபட்ட ஒளியே இவ்வாறு 2.7 கெல்வின் வெப்பநிலையில் நுண்ணலையாய் எஞ்சியிருக்கின்றது.

அதன்பின் வெளி 1,100 மடங்கு விரிந்துள்ளது. காந்த வலிமை விரிவின் வர்க்கத்திற்கேற்பக் குன்றுமாதலின், ஆதிக் காந்தம் அன்று இன்றையினும் பன்னிரண்டு லட்சம் மடங்கு வலிதாயிருந்திருக்கும். அது போதிய வலிமையுடையதாயின், அக்காலத்து வாயுவை அலைத்து, அவ்வொளியில் லட்சத்தில் ஒரு பங்களவாய்க் காணும் வெப்ப வேற்றுமைகளிடையே தன் சுவட்டையும் பதித்திருக்கும். அன்றியும், 1845-இல் மைக்கேல் பாரடே கண்டவாறு, காந்தம் ஊடுருவிய பொருளின்வழிச் செல்லும் ஒளியின் அதிர்வுத் தளம் திரும்பும். அத்திருப்பமும் அதில் தங்கியிருத்தல் கூடும்.

ஐரோப்பியர் 2009-இல் ஏவிய பிளாங்க் விண்கலம் இவற்றை நுணுகி அளந்தது. ஐயத்திற்கிடமற்ற சுவடு அகப்படவில்லை. வெறுங்கையோடு திரும்பினர் எனச் சிலர் எண்ணலாம். எம் கருத்து அதுவன்று. அகப்படாமையே ஓர் அளவுகோலாயிற்று. ஆதிக் காந்தம் உளதேல், அதன் இன்றைய வலிமை காஸில் நூறு கோடியில் சில பங்கை விஞ்சலாகாது என 2015-இல் வரையறுத்தனர்.

கீழெல்லை வேறொரு துறையினின்று வந்தது. சேய்மையிலுள்ள சில விண்மண்டலங்கள் வீசும் மிகுசக்திக் காமாக் கதிர்கள், வழியில் எலெக்ட்ரான் முதலிய துகள்களாய் மாறி, மீண்டும் குறைந்த சக்தியுள்ள காமாக் கதிர்களை எழுப்பவேண்டும். எதிர்பார்த்த அளவில் அவை காணப்படவில்லை. இடைவெளியிலுள்ள மெலிந்த காந்தம் அத்துகள்களை விலக்கியிருத்தல் வேண்டும் என்றும், அதன் வலிமை காஸில் நூறு கோடி கோடியில் சில பங்கேனும் ஆகும் என்றும் 2010-இல் கணித்தனர். அத்துகள்கள் வாயுவிலே சக்தியை இழந்தன என வேறு காரணம் கூறுவாரும் உளர்.

இவ்விரண்டு எல்லைகளுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு கோடி மடங்கு வேற்றுமை உளது.