நின்றுவிடாத காரும் பாஸ்கல் விதியும்

எட்டாம் வகுப்பில் பாஸ்கல் விதி நடத்தும்போது பிரேக் அமைப்பைக் கரும்பலகையில் படமாக வரைந்து முடித்துவிடுவேன். சென்ற கோடை விடுமுறையில் என் காரின் பின்சக்கர டிஸ்க் பிரேக் பேடுகளை வீட்டிலேயே மாற்றினேன். அவை 3 மி.மீ.க்கும் குறைவாகத் தேய்ந்திருந்தன.

முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினேன். (ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது.) புதிய பேடு தடிமன் என்பதால் பிஸ்டன் உள்ளே போக வேண்டும். கிளாம்ப் வைத்து அழுத்தினேன், அசையவில்லை. ஹேண்ட் பிரேக்கும் அதே கேலிப்பரில் இருந்ததால் உள்ளே திருகு அமைப்பு. வலச்சுற்றாகத் திருகியபடி அழுத்தியதும் நகர்ந்தது.

எல்லாம் பூட்டி வண்டியை எடுத்தேன். வாசல் சரிவில் மிதி தரைவரை இறங்கியது, வண்டி நிற்கவில்லை. மூன்றாவது மிதிப்பில்தான் நின்றது, மதிலுக்கு ஒரு சாண் முன்னால்.

ஜூனில் இதையே கேள்வியாக வகுப்பில் வைத்தேன். ஊசி நீக்கிய 5 மி.லி., 20 மி.லி. சிரிஞ்சுகளை நீர் நிறைந்த ரப்பர் குழாயால் இணைத்துக் கொடுத்தேன். சிறியதை வெகுதூரம் அழுத்தினால் பெரியது கொஞ்சமே நகர்ந்தது. பெரியதன் முன் ஒரு நோட்டைச் சற்றுத் தள்ளி வைத்தோம். தண்டு நோட்டைத் தொடும்வரை விரலில் எதிர்ப்பே தெரியவில்லை. தொட்ட பிறகுதான் அழுத்தம் ஏறியது.

பின்வரிசை மாணவி சொன்னாள்: "அப்போ வண்டி எடுக்கறதுக்கு முன்னாடியே நாலஞ்சு தடவை மிதிச்சிருக்கணும், சார்."

அடுத்து குழாயில் வேண்டுமென்றே ஒரு காற்றுக் குமிழை விட்டோம். சிறிய தண்டை அழுத்த, முதலில் குமிழ்தான் சுருங்கியது.