விதை வந்த பிறகே அடுத்த பயணம்
எறும்புகளிடமிருந்து வியாபாரிகளுக்கு ஒரு முதலீட்டுப் பாடம்

அல்குர்ஆனின் 27ஆவது அத்தியாயத்தின் பெயர் ‘அந்நம்ல்’. எறும்புகள் என்பது அதன் பொருள். நபி ஸுலைமான் (அலை) அவர்களின் படை எறும்புகள் வாழும் ஒரு பள்ளத்தாக்கை வந்தடைந்த சம்பவத்தை அதன் 18ஆவது வசனம் கூறுகிறது. படை வருவதைக் கண்ட ஓர் எறும்பு தன் கூட்டத்தாரை எச்சரித்தது. மிதிபடாமல் இருக்க உங்கள் இருப்பிடங்களுக்குள் நுழைந்து கொள்ளுங்கள் என்பதே அந்த எச்சரிக்கையின் சாரம்.

எறும்பு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது சுறுசுறுப்புத்தான். பிள்ளைகளுக்கும் அதைத்தான் சொல்லிக் கொடுக்கிறோம். ஆனால் அல்குர்ஆன் எடுத்துக் காட்டும் இந்த எறும்பு, ‘ஓடி உழையுங்கள்’ என்று சொல்லவில்லை. ‘உள்ளே போங்கள்’ என்றே சொன்னது. வெளியே போக ஒரு நேரம் உண்டு, உள்ளே நிற்கவும் ஒரு நேரம் உண்டு என்பதை அது அறிந்திருந்தது. வியாபாரிகளாகிய நம்மில் பலருக்கு முதலாவது நன்றாகத் தெரியும். இரண்டாவதைத்தான் நஷ்டப்பட்ட பிறகு படிக்கிறோம்.

இன்றைய ஆய்வுகள் எறும்புகளிடம் கண்டிருக்கும் ஒரு விடயம் இதனுடன் நன்கு பொருந்துகிறது. கடனுக்குக் கொடுத்து, கடனுக்கு வாங்கி, காசோலையில் காலம் தள்ளும் ஒவ்வொருவரும் அதை அறிந்திருப்பது நல்லது.

தண்ணீரைச் செலவழித்துத் தண்ணீர் தேடும் கூட்டம்

ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனா, நியூ மெக்சிகோ மாநிலங்களின் எல்லையில் ஒரு பாலைவனப் பகுதி இருக்கிறது. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியை டெபரா கோர்டன் 1980களின் நடுப்பகுதியிலிருந்து அங்குள்ள செந்நிற அறுவடை எறும்புகளை ஆண்டுதோறும் கவனித்து வருகிறார். ஒவ்வொரு புற்றுக்கும் ஓர் இலக்கம் கொடுத்து, அது எப்போது தோன்றியது, எப்போது அழிந்தது என்று பதிந்து வைத்திருக்கிறார்.

இந்த எறும்புகளின் உணவு காற்றிலும் வெள்ளத்திலும் சிதறிக் கிடக்கும் புல் விதைகள். வளர்ந்த ஒரு புற்றில் ஏறக்குறைய 10,000 எறும்புகள் இருக்கும். உழைக்கும் எறும்புகள் அனைத்தும் பெண்கள். ஓர் ஆண்டளவே வாழ்பவை. ஆனால் புற்று 20 முதல் 30 ஆண்டுகள் வரை நிலைத்திருக்கும். முட்டையிடும் இராணி ஒன்று அத்தனை காலமும் உள்ளே இருக்கிறது. பெயரளவில்தான் அது இராணி. யாருக்கும் அது கட்டளையிடுவதில்லை. இன்று எத்தனை பேர் விதை பொறுக்கப் போக வேண்டும் என்று சொல்வதுமில்லை.

பாலைவன வெயிலில் வெளியே வரும் எறும்பின் உடலிலுள்ள ஈரம் வற்றிப்போகும். இழந்த நீரை அது எங்கிருந்து பெறுகிறது? தான் கொண்டுவரும் விதைகளில் இருந்துதான். விதையிலுள்ள கொழுப்பு உடலில் எரியும்போது நீர் உண்டாகிறது. ஆகவே நீரைச் செலவழித்துத்தான் இந்த எறும்பு நீரைச் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது.

வியாபாரியின் நிலையும் இதுவே. காசைப் போட்டுத்தான் காசை எடுக்க வேண்டும். போட்ட காசு சரக்காகிறது, சரக்கு கடனாகிறது, கடன் ஒருநாள் திரும்பக் காசாகிறது. இந்த வட்டத்தில் வெளியே போனது உள்ளே வருவதற்குத் தாமதித்தால், கடை நிறையச் சரக்கிருந்தும் கை காய்ந்து போகும்.

வாசலில் நடக்கும் கணக்கு

கட்டளையிட ஆளில்லாத இடத்தில், எத்தனை எறும்புகள் வெளியே போவது என்று யார் முடிவு செய்வது? திரும்பி வருபவைதான்.

காலையில் முதலில் புறப்படுபவை காவல் எறும்புகள். அவை சுற்றுப்புறத்தைப் பார்த்து வரும். அவை பத்திரமாகத் திரும்பி வந்து வாசலில் நிற்கும் எறும்புகளுடன் உணர்கொம்பால் உரசிக் கொண்ட பிறகே விதை பொறுக்குபவை புறப்படுகின்றன. எறும்பின் உடல்மீது மெழுகு போன்ற ஒரு படலம் உண்டு. அதன் வாசனையிலிருந்து எதிரில் வருவது எந்த வேலை செய்யும் எறும்பு என்று மற்றொன்று அறிந்து கொள்கிறது. கோர்டனும் மைக்கல் கிரீனும் 2003ஆம் ஆண்டு வெளியிட்ட ஓர் ஆய்வில், சிறு கண்ணாடி மணிகளில் காவல் எறும்பின் வாசனையைப் பூசி வாசலில் போட்டார்கள். மணிகள் உரிய வேகத்தில் விழுந்தபோது, உண்மையான காவல் எறும்புகள் வந்ததாகவே எண்ணி மற்றவை புறப்பட்டன.

வெளியே போன எறும்பு பெரும்பாலும் விதை ஒன்றைக் கண்டெடுக்கும் வரை திரும்புவதில்லை. வெளியே விதை அதிகமாக இருந்தால் விரைவில் திரும்பி வரும். குறைவாக இருந்தால் தாமதிக்கும். வாசலில் காத்திருக்கும் எறும்பு, விதையோடு வருபவை எத்தனை வேகத்தில் வருகின்றன என்பதை உணர்ந்தே தான் புறப்படுகிறது. எறும்பின் வாசனையும் விதையின் வாசனையும் சேர்ந்திருக்கும்போதுதான் அதற்கு அது சரியான செய்தியாகிறது.

இந்த முறையைக் கணக்கிட்டுப் பார்த்த ஸ்டான்போர்ட் கணினித்துறைப் பேராசிரியர் பாலாஜி பிரபாகர், இணையத்தில் தகவல் அனுப்பும் முறையும் இதுவே என்று கண்டார். அனுப்பியது போய்ச் சேர்ந்ததற்கான அடையாளம் திரும்பி வரும் வேகத்தைப் பார்த்தே கணினி அடுத்ததை அனுப்புகிறது. 2012இல் வெளியான இந்த ஆய்வின்போது, திரும்பி வரும் எறும்புகளை 20 நிமிடங்களுக்கு மேல் தடுத்து வைத்தால் புற்றிலிருந்து புதிதாக எதுவும் புறப்படுவதில்லை என்பதும் தெரிய வந்தது.

அதிகம் ஓடிய புற்று வெல்லவில்லை

அதிகம் விதை சேர்க்கும் புற்றே அதிகம் பெருகும் என்றுதானே நாம் நினைப்போம்? கோர்டன் 2013இல் வெளியிட்ட முடிவு வேறாக இருந்தது. வறட்சி நீடித்த காலத்தில், வெயிலும் வரட்சியும் கடுமையான நாட்களில் வேலையைக் குறைத்துக்கொண்ட புற்றுகளே அதிகமான மகள் புற்றுகளை உருவாக்கியிருந்தன. எல்லா நாளும் ஒரே வேகத்தில் ஓடிய புற்றுகள் பின்தங்கின. உள்ளே தங்கிய புற்றுகள் பட்டினி கிடக்கவுமில்லை. ஏனெனில் புற்றுக்குள் பல மாதங்களுக்குப் போதுமான விதை சேமிப்பில் இருந்தது.

கவனியுங்கள்: வென்றவை சோம்பேறிப் புற்றுகள் அல்ல. நல்ல நாளில் அவையும் முழு மூச்சாக உழைத்தன. கெட்ட நாளை அடையாளம் கண்டு நின்றதும், நிற்பதற்கு முடிந்த அளவுக்குச் சேமிப்பு வைத்திருந்ததும்தான் வித்தியாசம்.

2022 சொன்ன பாடம்

நமது நாட்டில் இதற்கு விளக்கம் தேவையில்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் சுமார் 200 ரூபாவாக இருந்தது. மே மாத நடுப்பகுதியில் அது 360 ரூபாவளவில் போய் நின்றது. பெப்ரவரியில் 10,000 டொலருக்கு மூன்று மாதத் தவணையில் சரக்கு எடுத்த ஒருவர், 20 இலட்சம் என்று கணக்கிட்டிருப்பார். கட்ட வேண்டி வந்ததோ 36 இலட்சம். அந்தச் சரக்கைப் பழைய விலைக்கே கடனுக்கு விற்றிருந்தால், வரவேண்டிய பணம் முழுவதும் வந்தாலும் கடனை அடைக்கக் காணாது. போதாததற்கு அதே ஆண்டு ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதத்தை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. வங்கிக் கடனில் ஓடிய வியாபாரங்கள் மூச்சுத் திணறின.

அவ்வளவு பெரிய அதிர்ச்சியை முன்கூட்டியே யாராலும் கணித்திருக்க முடியாது என்று சொல்லலாம். உண்மைதான். எறும்பும் நாளைய வானிலையை அறிவதில்லை. அது வாசலை மட்டுமே பார்க்கிறது. நாமும் நமது வாசலைப் பார்த்தால் போதுமானது.

ஒரு கொப்பியும் இரண்டு நிரல்களும்

வாசலைப் பார்ப்பது எப்படி? ஒரு கொப்பியில் இரண்டு நிரல்கள் போடுங்கள். ஒன்றில், இந்த வாரம் கடனுக்குக் கொடுத்த சரக்கின் பெறுமதி. மற்றதில், பழைய கடனில் இந்த வாரம் கைக்கு வந்த காசு. கடனை எழுதி வைக்குமாறு அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம் விரிவாகக் கட்டளையிட்டிருக்கிறது. ஆகவே முதலாவது நிரல் எல்லோரிடமும் இருந்தாக வேண்டும். இரண்டாவதை வாராவாரம் கூட்டி, முதலாவதோடு ஒப்பிடுபவர்கள்தான் குறைவு.

உதாரணமாக ஒரு மொத்த வியாபாரி வாரம் 5 இலட்சத்துக்குக் கடன் கொடுக்கிறார். 5 இலட்சம் வந்து கொண்டிருக்கிறது. ஒரு வாரம் 4 இலட்சம் வருகிறது, அடுத்த வாரம் 3 இலட்சம். விற்பனையைப் பார்த்தால் குறைவே இல்லை, லொறியும் நிறைந்தே போகிறது. ஆனால் விதை வருவது குறைந்துவிட்டது. இரண்டு வாரத்தில் 3 இலட்சம் அதிகமாக வெளியே நிற்கிறது. எறும்பாக இருந்தால் இந்நேரம் வேகத்தைக் குறைத்திருக்கும். நாமோ, ‘பெருநாள் வருகிறது, பக்கத்துக் கடைக்காரர் எடுக்கிறார்’ என்று மேலும் ஒரு காசோலை எழுதுகிறோம்.

ஆகவே சில எளிய ஒழுங்குகள்:

1. தொடர்ந்து இரண்டு வாரம் வரவு குறைந்தால், மூன்றாவது வாரக் கொள்வனவை வந்த காசின் அளவுக்கு இறக்குங்கள்.

2. காசோலை கிடைத்ததை வரவாக எழுதாதீர்கள். அது வங்கியில் மாறிய நாளில் எழுதுங்கள். விதையோடு வந்ததுதான் எறும்புக்குச் செய்தி.

3. நீங்கள் கொடுக்கும் தவணை 45 நாள், உங்களுக்குக் கிடைக்கும் தவணை 30 நாள் என்றால், இடையிலுள்ள 15 நாளைத் தாங்கும் காசு சொந்தமாக இருக்க வேண்டும். அதுவே உங்கள் புற்றிலுள்ள விதை.

4. ஊர் ஊராகப் போகும் விற்பனையாளரிடம் எவ்வளவு ‘ஓடர்’ எடுத்தீர் என்று கேட்பதற்கு முன், எவ்வளவு வசூலித்தீர் என்று கேளுங்கள். காவல் எறும்பு அவர்தான். எந்த ஊரில் கடைகள் ஓய்ந்து கிடக்கின்றன என்பது முதலாளிக்கு முன் அவருக்குத் தெரியும்.

எறும்பிடம் இல்லாத ஒன்று

ஓர் இடத்தில் மட்டும் நாம் எறும்பைப் பின்பற்ற முடியாது. எறும்புக்குக் கடனாளி இல்லை, நமக்கு இருக்கிறார். கஷ்டத்தில் இருக்கும் கடனாளிக்கு வசதி வரும் வரை அவகாசம் கொடுக்குமாறு அதே அல்பகரா அத்தியாயத்தின் 280ஆவது வசனம் போதிக்கிறது. வரவு குறைந்துவிட்டது என்பதற்காக, நொடிந்துபோன சிறு கடைக்காரரின் கழுத்தை நெரிப்பது இந்தப் பாடமல்ல. குறைக்க வேண்டியது நமது புதிய பயணத்தை. அப்படிக் குறைத்து, கையில் சேமிப்பு வைத்திருப்பவருக்கே மற்றவருக்கு அவகாசம் கொடுக்கவும் முடியும். தானே காசோலைக்குப் பதில் சொல்ல முடியாமல் நிற்பவர், மனமிருந்தாலும் யாருக்குத் தவணை கொடுப்பார்?

கோர்டனின் ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. வரண்ட நாளில் வேலையைக் குறைக்கும் தாய்ப் புற்றின் மகள் புற்றும் அதே பண்பைக் காட்டியது. தொலைவில் தனியே தோன்றி, தாய்ப் புற்றிடம் எதையும் கேட்டுப் படிக்க வழியில்லாத புற்று அது. அந்தப் பண்பை அல்லாஹ் அதன் படைப்பிலேயே வைத்திருக்கிறான். நமது பிள்ளைகளுக்கு அது பிறப்பிலே வராது. கடையில் அருகே வைத்துச் சொல்லிக் கொடுத்தால்தான் வரும். பட்டறையில் அமரும் மகனுக்கு விற்கச் சொல்லிக் கொடுப்பதோடு, அந்த இரண்டாவது நிரலைக் கூட்டவும் சொல்லிக் கொடுங்கள். நாம் இல்லாத காலத்திலும் கடை திறந்திருக்க, இன்ஷா அல்லாஹ், அது துணை நிற்கும்.